121 பிள்ளைகள் இருந்தால் டீச்சர் உண்டு

2018-ல் விருதுநகர் மாவட்டத்தின் பெயர் இரண்டு பட்டியல்களில் வந்தது. ஜனவரியில், நாடு முழுக்கப் பின்தங்கிய மாவட்டங்களைப் பொறுக்கியெடுத்த மத்திய அரசு, தமிழ்நாட்டிலிருந்து ராமநாதபுரத்தையும் விருதுநகரையும் சேர்த்தது. ‘பின்தங்கிய’ என்று சொன்னால் மனசு கஷ்டப்படுமே, அதனால் ‘முன்னேற விழையும் மாவட்டம்’ என்று நாகரிகமாகப் பெயர் வைத்தார்கள். மே மாதம் ப்ளஸ் டூ ரிசல்ட் வந்தது. 97 சதவீதத் தேர்ச்சியுடன் மாநிலத்தில் முதலிடம், அதே விருதுநகர்!

இரண்டில் எது பொய் என்று கேட்காதீர்கள். இரண்டுமே நிஜம். நான் பி.காம். படித்தவன். சதவீதம் எதைக் காட்டும், எதை மறைக்கும் என்று கற்றுக்கொள்ளத்தான் மூன்று வருஷம் கல்லூரிக்குப் போனேன். இந்த 97, பரீட்சை ஹாலுக்குள் வந்து உட்கார்ந்தவர்களின் கணக்கு. வராமலே போனவர்கள் அதில் இல்லை. 2017-ல் மாணவர்களுக்கு மாநில ரேங்க் அறிவிப்பதை நிறுத்தினார்கள். நல்ல காரியம். ஆனால் மாவட்டங்களுக்கு ரேங்க் போடுவதை யாரும் நிறுத்தவில்லை. அந்தச் சுமை கலெக்டர் தலையிலிருந்து கல்வி அதிகாரி தலைக்கு, அவரிடமிருந்து ஹெட்மாஸ்டர் தலைக்கு, கடைசியில் கணக்கு வராத ஒரு பையன் தலையில் இறங்கும். பத்தாம் வகுப்பில் 12 பேர் படிக்கிற கிராமத்துப் பள்ளியில் இரண்டு பேர் தவறினால் தேர்ச்சி 83 சதவீதம். உடனே ‘விளக்கம் கொடு’ என்று ஓலை வரும். 400 பேர் எழுதும் டவுன் ஸ்கூலில் 20 பேர் ஃபெயிலானாலும் 95 சதவீதம். கைதட்டல்! இரண்டு பேரை ஃபெயிலாக்கியவர் மோசமான வாத்தியார், இருபது பேரை ஃபெயிலாக்கியவர் நல்ல வாத்தியார். இது என்ன கணக்கு சார்?

இதையாவது பேசுகிறோம். தொடக்கப் பள்ளியில் நடப்பதைப் பேசவே ஆளில்லை.

காலை எட்டு மணிக்கு ராஜபாளையத்திலிருந்து ஸ்ரீவில்லிபுத்தூருக்கு பஸ்ஸில் போய்ப் பாருங்கள். எதிரும் புதிருமாக மஞ்சள் வேன்கள். கிராமங்களில் பொறுக்கிய பிள்ளைகளை அடைத்துக்கொண்டு டவுனுக்குப் பறக்கும். அந்த வேன் பணத்தைக் கட்டுவது பெரிய பண்ணையார் வீடு இல்லை. மில்லில் ஷிப்ட் பார்க்கும் அப்பா, சத்திரப்பட்டி பக்கம் பேண்டேஜ் துணித் தறியில் நிற்கும் அம்மா. அவர்களைத் திட்ட எனக்கு வாய் வராது. தன் பிள்ளைக்கு என்று தனியாக ஒரு டீச்சர் இருக்கிற இடத்தைத் தேடிப் போகிறார்கள். உள்ளூர் ஊராட்சி ஒன்றியத் தொடக்கப் பள்ளியில் ஏன் அது இல்லை?

கல்வி உரிமைச் சட்டம் 2010 ஏப்ரலில் அமலுக்கு வந்தது. அதன் அட்டவணையை ஒரு தடவை படியுங்கள். 60 பிள்ளைகள் வரை இரண்டு ஆசிரியர். 61 முதல் 90 வரை மூன்று. 120 வரை நான்கு. 121-வது பிள்ளை வந்து சேர்ந்தால்தான் ஐந்தாவது ஆசிரியர். ஐந்து வகுப்புக்கு ஐந்து பேர் வேண்டும் என்பது நமக்குத் தெரிகிறது. சட்டம் வகுப்பை எண்ணவில்லை, தலையை எண்ணுகிறது. 25 பிள்ளைகள் இருக்கும் ஒரு கிராமத்துப் பள்ளியை எடுத்துக்கொள்ளுங்கள். ஒன்றாம் வகுப்புக்கு ‘அ’ எழுதிக் காட்டும்போதே ஐந்தாம் வகுப்புக்குப் பின்னக் கணக்கு நடத்த வேண்டும். இருக்கும் இருவரில் ஒருவர் ஹெட்மாஸ்டர். எமிஸ் பதிவு, சத்துணவுக் கணக்கு, ஆபீஸ் மீட்டிங் எல்லாம் அவருடையது. தேர்தல், மக்கள்தொகைக் கணக்கெடுப்பு வந்தால் இன்னொருவரையும் கூப்பிடலாம். அதற்கும் அதே சட்டத்தில் இடம் இருக்கிறது. மிச்சம் யார்? சுவரில் தொங்கும் காந்திதான்.

வருஷா வருஷம் ஆகஸ்ட் 1-ம் தேதி தலை எண்ணிக்கை. தலை குறைந்த பள்ளியில் ஆசிரியர் ‘உபரி’. அரிசி மூட்டை மாதிரி உபரி! பணி நிரவலில் அவரை வேறு ஊருக்கு அனுப்புவார்கள். டீச்சர் போனதும் இன்னும் நாலு பிள்ளைகள் வேன் ஏறும். அடுத்த ஆகஸ்டில் தலை இன்னும் குறையும். கடைசியில் ஒருநாள் ‘மாணவர் சேர்க்கை இல்லை, பள்ளி மூடல்’ என்று நாலு வரிச் செய்தி வரும். 2019-ல் ஒரு பிள்ளைகூட இல்லாத 46 பள்ளிகளை நூலகமாக மாற்றப்போவதாக அறிவித்தார்கள். 2025-ல் அப்படிப்பட்ட அரசுப் பள்ளிகள் இருநூறுக்கு மேல் என்று செய்தி வந்தது. மக்கள்தான் வரவில்லை என்கிறது அரசு. பிறப்பு விகிதம் குறைந்துவிட்டது என்கிறார்கள். அதுவும் உண்மைதான். ஆனால், பிறந்த பிள்ளைகள் வேனில் போகிறார்களே, அதற்கு என்ன பதில்?

இன்னொரு வேடிக்கை. அதே சட்டத்தின்படி தனியார் பள்ளிகள் 25 சதவீத இடங்களை ஏழைப் பிள்ளைகளுக்கு ஒதுக்க வேண்டும், கட்டணத்தை அரசு கட்டும். தனியார் பள்ளி மூன்று வயதில் எல்.கே.ஜி.யில் பிள்ளையைப் பிடித்துவிடும். அரசுத் தொடக்கப் பள்ளியோ ஐந்து வயசு ஆகட்டும் என்று வாசலில் காத்திருக்கும். தன் கடையை இரண்டு வருஷம் லேட்டாகத் திறந்து, எதிர்க்கடைக்குப் போகும் கஸ்டமருக்குப் பணமும் கொடுத்தனுப்பும் முதலாளியைப் பார்த்திருக்கிறீர்களா? 2019-ல் 2,381 அங்கன்வாடிகளில் எல்.கே.ஜி., யு.கே.ஜி. ஆரம்பித்தார்கள். அவை நடுநிலைப் பள்ளி வளாகங்களில் இருப்பவை. சின்னத் தொடக்கப் பள்ளிக்கு அந்த யோகமும் இல்லை.

இதெல்லாம் காமராஜரின் சொந்த மாவட்டத்தில் நடக்கிறது. பிள்ளை பள்ளிக்கு வரவில்லையென்றால், ஏன் வரவில்லை என்று கேட்டார் அவர். பசி என்று பதில் வந்தது. 1956-ல் மதிய உணவு வந்தது. 2022-ல் காலை உணவும் வந்தது, அதை மனமாரப் பாராட்டுகிறேன். சோறு போடத் தலை எண்ணுவது சரி, எத்தனை தட்டு வேண்டும் என்று தெரியவேண்டும். பாடம் நடத்தவும் அதே கணக்கா?

2015-ல் அலகாபாத் உயர் நீதிமன்றம் ஓர் உத்தரவு போட்டது. அரசுச் சம்பளம் வாங்குகிற அதிகாரி, நீதிபதி, மக்கள் பிரதிநிதி எல்லோரும் தங்கள் பிள்ளைகளை அரசுத் தொடக்கப் பள்ளிக்கே அனுப்ப வேண்டும் என்று. என்ன ஆயிற்று? ஒன்றும் ஆகவில்லை. 2011-ல் ஈரோடு கலெக்டர் ஒருவர், எந்த உத்தரவும் இல்லாமலே மகளை ஊராட்சி ஒன்றியப் பள்ளியில் சேர்த்தார். அது மாநிலம் முழுக்கச் செய்தியானது. யோசித்துப் பாருங்கள், கலெக்டர் செய்தால் செய்தி. மில் தொழிலாளி செய்தால் ‘வேறு வழியில்லை பாவம்’ என்போம்.

மே மாதம் ராஜபாளையம் பக்கத்துக் கிராமங்களில் வாத்தியார்களும் டீச்சர்களும் நோட்டீஸோடு வீடு வீடாக வருவார்கள். இலவசப் புத்தகம், சீருடை, காலை உணவு, எல்லாம் அதில் இருக்கும். வாங்கிப் படியுங்கள். ஐந்து வகுப்புக்கு எத்தனை டீச்சர் என்று கேளுங்கள். ரெண்டு பேர் என்று சங்கடத்தோடு சொல்வார்கள். அடுத்த கேள்வியைப் பாவம் அவர்களிடம் கேட்காதீர்கள். திங்கட்கிழமை கலெக்டர் ஆபீஸில் மனு வாங்குகிறார்கள். ‘தலைக்கு இல்லை, வகுப்புக்கு ஒரு டீச்சர்’ என்று ஒரே வரி எழுதிக் கொடுத்துவிட்டு, மறக்காமல் ரசீது வாங்கிக்கொள்ளுங்கள்.