விளக்கு யாருடையது?

உத்திரமேரூர்ப் பெண்களாகிய எங்களுக்கு ஒரு பழக்கம் உண்டு. வெளியூரில் எவரேனும் "எந்த ஊர், அம்மா?" என்று கேட்டால், ஊரின் பெயரோடு கல்வெட்டையும் சேர்த்தே சொல்லிவிடுவோம். வைகுண்டப் பெருமாள் கோயில் சுவரில், முதலாம் பராந்தக சோழன் காலத்தில், கி.பி. 919-லும் 921-லும் பொறிக்கப்பட்ட குடவோலை முறை எங்கள் ஊரின் பெருமையன்றோ! ஆனால் இவ்வாண்டு அக்கல்வெட்டை நாங்கள் பெருமைக்காகப் படிக்கவில்லை. ஒரு தெருவிளக்குக்காகப் படித்தோம்.

பத்தாம் வகுப்பு மாணவியராகிய எங்களுக்கு மாலையில் சிறப்பு வகுப்பு உண்டு. கார்த்திகை, மார்கழி மாதங்களில் வகுப்பு முடிவதற்குள் இருட்டிவிடுகிறது. தோழியர் சிலர் பேருந்தை விட்டிறங்கி ஏரிக்கரை ஓரமாக வீட்டுக்கு நடக்க வேண்டும். வழியில் ஒரு வளைவில் விளக்கு எரிவதில்லை. சற்றுத் தள்ளிச் சிலர் குடித்துவிட்டுக் கூச்சலிட்டுக்கொண்டு நிற்பர். இதுவரை ஒன்றும் நடக்கவில்லை. நடந்துவிடுமோ என்ற அச்சமே போதுமானதாயிற்று. எங்கள் வகுப்பில் ஒருத்தியைச் சிறப்பு வகுப்புக்கு அனுப்புவதை வீட்டார் நிறுத்திவிட்டனர். கணக்கில் எங்களுள் முதலாவதாக வருபவள் அவள்.

பெற்றோர் சிலர் சென்று முறையிட்டனர். "விளக்கு எங்களுடையது, கம்பம் எங்களுடையதன்று" என்றது ஓர் அலுவலகம். "சாலைதான் எங்களுடையது" என்றது மற்றொன்று. "ஏதேனும் நடந்தால் எழுதிக் கொடுங்கள்" என்றது மூன்றாவது. இவர்களுள் ஒருவரும் பொய் சொல்லவில்லை என்பதே வேடிக்கை. காவல்துறை மாநில அரசினுடையது. தெருவிளக்கும் குப்பையும் பேரூராட்சி, ஊராட்சிகளின் பொறுப்பு. மின்சாரம் ஒரு துறை, பெரிய சாலை வேறொரு துறை. கடைசிப் பேருந்து எத்தனை மணிக்கு என்பதைப் போக்குவரத்துக் கழகம் தீர்மானிக்கும். துறைகள் ஐந்தாறு, நடந்து செல்பவளோ ஒருத்திதான்! 2021 மே மாதத்தில் சாதாரணக் கட்டணப் பேருந்துகளில் பெண்களுக்குக் கட்டணமில்லாப் பயணம் வந்தபோது நாங்கள் மகிழ்ந்தோம். ஆயினும் நிறுத்தத்திலிருந்து வீடுவரை உள்ள தூரத்துக்கு யார் பொறுப்பு?

2012 டிசம்பரில் தில்லியில் நிகழ்ந்த கொடுமைக்குப் பின், 2013-இல் மத்திய அரசு நிர்பயா நிதியை ஏற்படுத்தியது. அதிலிருந்து பாதுகாப்பான நகரத் திட்டத்துக்கென எட்டுப் பெருநகரங்கள் தேர்ந்தெடுக்கப்பட்டன. சென்னையும் அவற்றுள் ஒன்று. நல்லதே. ஆனால் இருட்டு பெருநகரங்களுக்கு மட்டும் வருவதில்லையே! கடல் கடந்தும் இதே கவலைதான். ஆப்பிரிக்க நகரங்களின் மேயர்கள் கேட்டுக்கொண்டதன் பேரில் 1996-இல் ஐக்கிய நாடுகள் அமைப்பு பாதுகாப்பான நகரங்களுக்கென ஒரு திட்டம் தொடங்கியது. காவலர் தனியே, நகராட்சி தனியே இயங்கினால் குற்றம் குறையாது, முன்கூட்டியே கூடிப் பேச வேண்டும் என்பதே அதன் அடிப்படை.

இதற்கு நைரோபிவரை போவானேன்? எங்கள் கோயில் சுவரிலேயே பாதி விடை இருக்கிறது. ஊர் 30 குடும்புகளாகப் பிரிக்கப்பட்டிருந்தது. ஏரிக்கு ஒரு வாரியம், தோட்டத்துக்கு ஒரு வாரியம், பொன்னுக்கு ஒரு வாரியம் என வேலைகள் பிரிந்திருந்தாலும், அவை யாவும் ஒரே சபையின் கீழ் இருந்தன. "அது என் வேலையன்று" என்று சொல்லித் தப்பிவிட முடியாது. வாரியத்தில் இருந்து கணக்குக் காட்டாதவரும், அவருடைய நெருங்கிய உறவினரும் மறுபடி வாரியத்துள் நுழைய முடியாது. பிறர் பொருளைத் திருடியவருக்கும் இடமில்லை. 919-இல் செய்த விதிகளில் குறை கண்டு, இரண்டே ஆண்டுகளில் திருத்தியும் எழுதினர்.

அதற்காக அச்சபையை அப்படியே கொண்டுவரச் சொல்லவில்லை. கால் வேலிக்கு மேல் வரி செலுத்தும் நிலமும் சொந்த மனையில் வீடும் உடைய, 35 முதல் 70 வயது வரையிலான, வேதம் கற்ற ஆடவரின் சபை அது. எங்களில் ஒருத்திகூட அதன் வாசலை மிதித்திருக்க முடியாது. பெருமை பேசும்போது இதையும் சேர்த்துச் சொல்வதே நேர்மை என்று எண்ணுகிறோம். இன்று உள்ளாட்சிப் பதவிகளில் பாதி பெண்களுக்குரியது. ஆகவே நாம் கேட்கும் சபை அதனினும் நல்லதாகவே இருக்கலாம்.

நாங்கள் கேட்பது பெரிதன்று. மாதம் ஒருமுறை ஒரே மேசையைச் சுற்றிப் பேரூராட்சியும், சுற்றியுள்ள ஊராட்சிகளும், காவல் நிலையமும், மின்துறையும், போக்குவரத்துக் கழகமும், பள்ளிகளும், மகளிர் சுய உதவிக் குழுவினரும் அமர வேண்டும். எந்த வேலையை யார் எந்த நாளுக்குள் முடிப்பார் என்று எழுதிப் பேருந்து நிலையத்தில் ஒட்ட வேண்டும். அடுத்த மாதம் அதற்குக் கணக்குக் காட்ட வேண்டும். 1098, 181 ஆகிய உதவி எண்களை நாங்கள் மனப்பாடமாக அறிவோம். அவை துன்பம் நேர்ந்தபின் அல்லது நேரும்போது கூப்பிடுவதற்கு. நாங்கள் சொல்வது அதற்கு முந்தைய நாளைப் பற்றி.

"பெண் பிள்ளைகளுக்கு இருட்டியபின் வெளியில் என்ன வேலை?" என்று பெரியோர் சிலர் கேட்கின்றனர். அவர்கள் எங்கள்மீது கொண்ட அன்பை அறிவோம். ஆயினும் பணிவுடன் ஒன்று கேட்கிறோம்: விளக்கைச் சரிசெய்வதினும் ஒரு மாணவியின் படிப்பை நிறுத்துவது எளிதாகிவிட்டதா? தவறு செய்யாதவள் வீட்டுக்குள் இருக்க, கூச்சலிடுபவர் சாலையில் நிற்பது எந்த ஊர் நியாயம்?

அந்த மேசையில் மாணவியர் இருவருக்கும் நாற்காலி வேண்டும். எந்தக் கம்பத்தில் விளக்கில்லை என்பதை நடப்பவர்களே அறிவர். பள்ளியிலிருந்து ஏரிக்கரைவரை நடந்து பார்த்து எழுதி வைத்திருக்கிறோம்; பதினொரு கம்பங்கள். அழைத்தால் பட்டியலோடு வருவோம்.