டச்சுக்காரனின் 'ஒம்' மந்திரம்

டச்சு படிக்கிற நம்மாளுங்க பண்ற ஒரு தப்பைப் பத்திக் கொஞ்சம் புலம்பணும். தமிழ்ல யோசிச்சு, இங்கிலீஷுக்கு மாத்தி, அங்கேர்ந்து டச்சுக்குத் தாவறோம். நானும் அப்படித்தான். வகுப்புல 'ரொட்டி வாங்கக் கடைக்குப் போறேன்'னு சொல்லச் சொன்னாங்க. 'இக் கா நார் த விங்கல் டெ கோபன் ப்ரோட்'னு அடிச்சு விட்டேன். 'டு பை பிரெட்' அப்படியே வேஷம் மாத்தி வந்திருக்கு. டீச்சரம்மா பாவமா ஒரு பார்வை பார்த்தாங்க பாருங்க...

சரியானது, '...ஒம் ப்ரோட் டெ கோபன்'. ப்ரோட்னா ரொட்டி, டெ கோபன்னா வாங்க. ரொட்டி வாங்க! முன்னாடி நிக்கிற 'ஒம்'மைக் கண்டுக்காம விட்டா வரிசை அச்சு அசல் தமிழ். இதை வெச்சுக்கிட்டு எதுக்கய்யா 'இன் ஆர்டர் டு'ன்னு மனப்பாடம் பண்ணணும்?

இங்கிலீஷும் டச்சும் பங்காளிங்க, அதனால அதுவழியாப் படிக்கறதுதான் சுலபம்னு நண்பர் ஒருத்தர் சண்டைக்கு வந்தார். வார்த்தைக்குச் சரி. வாக்கிய வரிசைக்கு வேலைக்காவாது.

'ஒப்பெல்லன்'னா ஃபோன் பண்றது. இதுல 'டெ' நடுவுல புகுந்து 'ஒப் டெ பெல்லன்' ஆயிடும். நாம 'ஃபோன்கூட பண்ண' முடியலைன்னு நடுவுல நுழைக்கறதில்லையா, அந்த மாதிரி. அப்புறம் கடையைச் சொல்லாம வெறுமனே 'ரொட்டி வாங்கப் போறேன்'னா 'இக் கா ப்ரோட் கோபன்'. ஒம்மும் கிடையாது, டெயும் கிடையாது. இன்னும் சந்தோஷம்.

ஆனா தமிழும் ஒரு இடத்துல கவுத்துடும். 'குழந்தை தூங்க விளக்கை அணைச்சேன்'னு நாம சர்வசாதாரணமாச் சொல்றோம். தூங்கறது குழந்தை, அணைச்சது நான். டச்சுல ஒம்-டெக்குள்ள இப்படி ரெண்டு ஆளை அடைக்க முடியாது. 'ஒம் டெ ஸ்லாபன்'னா தூங்கப் போறது விளக்கை அணைச்ச நான்தான், குழந்தை அம்போ. அங்க 'சோடாட்' போட்டு, 'ஹெட் கிண்ட் கான் ஸ்லாபன்'னு ஆளையும் சேர்த்துச் சொல்லணும். இது ஒண்ணைத்தான் நான் தனியா எழுதி ஃப்ரிட்ஜ்ல ஒட்டி வெச்சிருக்கேன்.

இங்க கடைல நாம கொஞ்சம் தடுமாறினாலே டக்குனு இங்கிலீஷுக்கு மாறிடுவாங்க. உதவி பண்றதா நினைப்பு, நமக்கு அவமானம். போன சனிக்கிழமை பேக்கரில ஒரு ஒம்-டெ வாக்கியத்தை முழுசாச் சொன்னேன். அந்தம்மா முதல்தடவையா டச்சுலயே பதில் சொன்னாங்க.

என்ன சொன்னாங்கன்னுதான் புரியலை :-)