அரிப்பு அடங்கும், படை அடங்காது!

வானகரம் மீன் சந்தையில் விடியுமுன் ஐஸ் பெட்டி தூக்கும் தொழிலாளியைக் கேளுங்கள். அம்பத்தூர் பட்டறையில் வியர்வையில் நனையும் தோழரைக் கேளுங்கள். சேற்றில் நின்று நாற்று நடும் தாயைக் கேளுங்கள். இடுப்பிலும் தொடையிடுக்கிலும் படை! அரிப்பு தூக்கத்தைத் தின்கிறது.

டாக்டரிடம் போனால் ஒரு நாள் கூலி போச்சு. ஆகவே மருந்துக் கடைக்குப் போகிறோம். சீட்டு கேட்காமலே ஒரு ட்யூப் கைக்கு வருகிறது. இரண்டே நாளில் அரிப்பு நிற்கிறது. “நல்ல மருந்து” என்கிறோம்.

நல்ல மருந்தா? பல ட்யூபுகளில் இருப்பது குளோபெட்டசால், பீட்டாமெத்தசோன் போன்ற ஸ்டீராய்டு. அது தோலின் எதிர்ப்பை அடக்குகிறது; அதனால் சிவப்பும் அரிப்பும் தணிகின்றன. படைக்குக் காரணமான பூஞ்சையை அது கொல்வதில்லை. காவற்காரனைக் கட்டிப் போட்டால் திருடனுக்குக் கொண்டாட்டந்தானே! படை உருமாறிப் பரவுகிறது. மாதக்கணக்கில் பூசினால் தோல் மெலிந்து வரி வரியாகிறது. முகம் வெளுக்குமென்று பூசும் பெண்களுக்குப் பருவும் எரிச்சலுமே மிச்சம்.

சட்டம் இல்லையா? இருக்கிறது! 2016 மார்ச்சில் மத்திய சர்க்கார் 344 கூட்டு மருந்துகளைத் தடை செய்தது. ஸ்டீராய்டையும் பூஞ்சை மருந்தையும் ஒரே ட்யூபில் குழைத்த களிம்புகள் சிலவும் அதில் உண்டு. கம்பெனிகள் கோர்ட்டுக்கு ஓடின. 2018 செப்டம்பரில்தான் 328 மருந்துகளுக்கு மறுபடியும் தடை வந்தது. இரண்டரை ஆண்டு யாருக்கு லாபம்? அதே 2018 மார்ச்சில் 14 ஸ்டீராய்டு தோல் மருந்துகள் அட்டவணை ‘எச்’சில் சேர்ந்தன. டாக்டர் சீட்டின்றி விற்கக் கூடாது என்பது ட்யூபிலேயே உண்டு. பொடி எழுத்தில், இங்கிலீஷில்!

“கூலிக்காரனுக்கு விவரம் போதாது” என்கிறார்கள் கனவான்கள். விவரத்தை மறைத்தவன் யார்? விற்றவன் யார்? பார்த்தும் பாராதிருந்தவன் யார்?

ஸ்டீராய்டு விஷமல்ல. கரப்பானுக்கு டாக்டர் அளந்து கொடுத்தால் அருமருந்து. விரல் நுனியிலிருந்து முதல் மடிப்பு வரை பிதுக்கிய களிம்பு, விரல்களோடு இரண்டு உள்ளங்கை அகலத்துக்குப் போதும். சொன்ன நாளுக்கு மேல் பூசலாகாது. முகம், அக்குள், தொடையிடுக்கு, குழந்தையின் தோல், இவற்றில் டாக்டர் சொல்லாமல் தொடலாகாது. ஒருவர் ட்யூப் மற்றவருக்கு ஆகாது. நெடுநாள் பூசியவர்கள் தாமாகத் திடீரென நிறுத்தாமல் டாக்டரிடம் ட்யூபைக் காட்டட்டும்.

டாக்டரைப் பார்க்க வழி வேண்டாமா? ஒப்பந்தத் தொழிலாளிக்கும் இ.எஸ்.ஐ. உரிமை உண்டு, கார்டு கொடுக்காத காண்ட்ராக்டரைக் கேட்போம். வேலை முடிந்த நேரத்தில் சர்க்கார் ஆஸ்பத்திரியில் தோல் வைத்தியம் கேட்போம். ட்யூபில் தமிழில் எச்சரிக்கை கேட்போம். சீட்டில்லா விற்பனையை மருந்துக் கட்டுப்பாட்டு இலாகா தடுக்கட்டும்!

தோழர்களே, நம் தோல் கம்பெனிகளின் விளைநிலமல்ல!