பிள்ளைக்கு நீச்சல் பழக்கும்போது



2004 டிசம்பர் 26 இற்குப் பிறகு கரையோரத் தாய்மார் பலர் பிள்ளைகளைக் கடற்பக்கமே விடுவதில்லை. அந்தப் பயத்தை நான் குறைசொல்லமாட்டேன். ஆனால் குளமும் களப்பும் கிணறும் வீட்டுக்குப் பக்கத்திலேயே இருக்கின்றனவே. ஆறு வயது தாண்டிய பிள்ளைக்கு, ஆணோ பெண்ணோ, நீச்சல் பழக்குங்கள் என்றுதான் சொல்வேன்.

எங்கள் பக்கத்தில் கைக்கு அகப்படுவது லொறி ரியூப். சிறுபிள்ளை அதன் நடு ஓட்டையால் வழுகிக் கீழே போய்விடும். குடைசாய்ந்தால் தலை தண்ணீருக்குள், கால் மேலே. கையில் மாட்டும் காற்றுப் பைகள் கழன்றுவிடும், முள் பட்டால் காற்றும் போய்விடும். அவை பிள்ளையை நிமிர்த்தியே வைத்திருக்கும். நீந்துவதற்கோ உடம்பு படுக்கவேண்டும்.

இரு கையாலும் பிடித்துக் காலடிக்கக்கூடிய கெட்டியான நுரைப் பலகை நல்லது. மீன்பெட்டி ரெஜிபோம் வேண்டாம், உடைந்துவிடும். தண்ணீர் பிள்ளையின் நெஞ்சளவு போதும். எதைக் கொடுத்தாலும் கையெட்டும் தூரத்தில் நில்லுங்கள். தாழும் பிள்ளை பெரும்பாலும் கத்துவதில்லை.

வள்ளத்தில் போவதென்றால் உயிர்காப்பு அங்கிதான். மாட்டிவிட்டுத் தோள்ப் பக்கமாக அங்கியைப் பிடித்துத் தூக்கிப் பாருங்கள். காதுவரை ஏறினால் அது பிள்ளைக்குப் பெரிது. காலிடையால் பட்டி போகும் அங்கி இன்னும் நல்லது.

"எனக்கே நீந்தத் தெரியாதே" என்று சில தாய்மார் என்னிடம் சொல்வதுண்டு. கீரிமலையில் பெண்களுக்கென்று தனிக் கேணி இருக்கிறது. தெரிந்த ஒருத்தியைக் கூட்டிக்கொண்டு முதலில் நீங்கள் இறங்குங்கள்.