கிளிப் மாட்டியாச்சு... கடிகாரம் ஓடுது!

கிட்னியில் சின்னதா ஒரு புற்றுநோய்க் கட்டி. என்ன செய்வாங்க? 'கிட்னியையே எடுத்துடுவாங்க'ன்னு சொன்னா, அது பழைய பதில் பாஸ்! கட்டி 4 சென்டிமீட்டருக்குள் இருந்தா, முடிந்தவரை அதை மட்டும் வெட்டி எடுத்துட்டு, மீதிக் கிட்னியைக் காப்பாற்றத்தான் இப்போ பார்ப்பாங்க.

சிக்கல் எங்கேன்னா, ரத்தத்தில்! இதயம் நிமிடத்துக்குச் சுமார் 5 லிட்டர் ரத்தத்தை பம்ப் பண்ணுது. அதில் ஐந்தில் ஒரு பங்கு ரெண்டு கிட்னிக்கும் போகுது. அங்கே கத்தி வெச்சா, வெட்டுற இடமே தெரியாத அளவுக்கு ரத்தம் வரும்.

அதனால முதல்ல மெயின் குழாயை மூடணும். கிட்னிக்குப் போகும் தமனியில் 'புல்டாக்'னு ஒரு குட்டிக் கிளிப். பேருக்கு ஏத்த மாதிரி, கவ்வினா விடாது! ஆனா, ரத்தம் நின்ன நொடியிலிருந்து கிட்னி செல்கள் ஆக்சிஜனுக்குத் தவிக்க ஆரம்பிக்கும். 25 நிமிடத்துக்குள் வெட்டி, தைத்து, கிளிப்பை எடுத்துடணும் என்பதுதான் டாக்டர்கள் வைக்கும் குறி.

இங்கேதான் ரோபோ கை கொடுக்குது. அமெரிக்காவில் 2000-ல் அனுமதி வாங்கிய 'டாவின்சி' ரோபோவின் கருவிகள், நம்ம மணிக்கட்டைவிட அதிகமா வளையும். குறுகலான இடத்திலும் சட்டுனு தைக்கலாம். அதுக்காக ரோபோ தானா ஆபரேஷன் பண்ணும்னு நினைச்சுடாதீங்க. சில அடி தள்ளி உட்கார்ந்து அதை இயக்குவது டாக்டர்தான்.

இன்னொரு வழியும் உண்டு. கட்டிக்குப் போகும் கிளைக் குழாயை மட்டும் மூடுவது. சரியான கிளைதானா? 'இண்டோசயனின் கிரீன்' சாயத்தை நரம்பு வழியா ஏற்றி, ஸ்பெஷல் கேமராவில் பார்ப்பாங்க. ரத்தம் ஓடும் பகுதி பச்சையா மின்னும். அடைத்த பகுதி இருட்டா இருக்கும். 2011-ல் டாக்டர் இந்தர்பீர் கில் தலைமையிலான அமெரிக்கக் குழு, மெயின் குழாயை மூடாமலே செய்யும் 'ஜீரோ இஸ்கீமியா' முறையை வெளியிட்டது.

அப்போ எல்லாருக்கும் இப்படியே செய்யலாமே? முடியாது. மூடாம வெட்டினா ரத்த இழப்பு அதிகம். அதோட, எத்தனை நிமிடம் என்பதைவிட எவ்வளவு நல்ல கிட்னி மிச்சமாச்சு என்பதுதான் முக்கியம்னு பின்னாடி வந்த ஆய்வுகள் சொல்லுது. கடிகாரத்துக்குப் பயந்து அவசரமா வெட்டினா, கட்டி மிச்சமாகலாம். நல்ல பகுதி போயிடலாம்.

பயோமெடிக்கல் படிக்கிற மக்களே, அடுத்த ரோபோவை டிசைன் பண்ணும்போது வேகத்தை மட்டும் பார்க்காதீங்க. எங்கே நிதானிக்கணும்னு டாக்டருக்குக் காட்டுகிற மெஷின்தான் தேவை!