வாக்குறுதி தர முடியாத வேட்பாளர்



ஓட்டுக் கேட்டு வருகிறவர் ரோடு போட்டுத் தருவேன் என்பார், குடிநீர்க் குழாய் வரும் என்பார், பட்டாவுக்கு நான் பொறுப்பு என்பார். "எதையும் செய்து தருவதாக நான் சொல்லக் கூடாது, ஆனாலும் எனக்கே ஓட்டுப் போடுங்கள்" என்று ஒருவர் கைகூப்பி நின்றால் நாம் என்ன செய்வோம்? அமெரிக்காவில் உள்ளூர் நீதிமன்ற நீதிபதி பதவிக்குப் போட்டியிடும் வழக்கறிஞரின் பாடு ஏறக்குறைய இதுதான்.

நம் ஊரில் உரிமையியல் நீதிபதி ஆவதற்குப் போட்டித் தேர்வு எழுத வேண்டும். அமெரிக்காவிலோ பல மாநிலங்களில் மக்களிடம் ஓட்டு வாங்க வேண்டும். 1832-இல் மிசிசிப்பி மாநிலம் தன் நீதிபதிகள் அனைவரையும் தேர்தல் மூலம் தேர்ந்தெடுக்கத் தீர்மானித்தது. 1846-இல் நியூயார்க்கும் அந்த வழிக்கு வந்தது. ஆளுநரும் சட்டமன்றமும் வேண்டியவர்களுக்கே பதவி கொடுக்கிறார்கள் என்ற மனக்குறை அன்று மக்களிடம் இருந்தது. இன்று டெக்சாஸில் நீதிபதி வேட்பாளர்கள் கட்சியின் பெயரிலேயே நிற்கிறார்கள். ஃபுளோரிடாவின் கவுண்டி, அதாவது மாவட்ட அளவிலான, நீதிமன்றத் தேர்தலில் கட்சிக்கு இடமில்லை.

இந்தக் கவுண்டி நீதிமன்றம்தான் சாமானியர் ஏறி இறங்கும் இடம். போக்குவரத்து அபராதம், வீட்டுக்காரர் குடித்தனக்காரர் தகராறு, சிறு கடன், சில்லறைக் குற்றம் எல்லாம் இங்கேதான் வரும். ஃபுளோரிடாவின் ஹில்ஸ்பரோ கவுண்டியில் அப்படியொரு பதவிக்குப் போட்டியிட்ட வழக்கறிஞர் வில்லியம்ஸ்-யூலி, 2009-இல் தேர்தல் செலவுக்கு நன்கொடை கேட்டுத் தம் கையெழுத்திட்ட கடிதத்தை ஊராருக்கு அனுப்பினார். வேறு எந்தப் பதவிக்கு நின்றிருந்தாலும் இது தவறாகாது. ஆனால் நீதிபதி வேட்பாளர் தாமே பணம் கேட்கக் கூடாது, தமக்காக ஒரு குழு அமைத்து அதன் மூலமே திரட்ட வேண்டும் என்பது அந்த மாநிலத்தின் விதி. அவருடைய கடிதத்துக்கு ஒரு காசு கூட வரவில்லை. தேர்தலிலும் தோற்றார். போதாக்குறைக்கு வழக்கறிஞர் கழகம் அவர்மீது ஒழுங்கு நடவடிக்கை எடுத்தது.

பேச்சுரிமை பறிபோகிறது என்று அவர் உச்ச நீதிமன்றம் வரை போனார். 2015-இல் 5-க்கு 4 என்ற கணக்கில் தீர்ப்பு அவருக்கு எதிராக வந்தது. ஓட்டு வாங்கி வந்தாலும் நீதிபதி அரசியல்வாதி ஆகிவிட மாட்டார் என்றார் தலைமை நீதிபதி ஜான் ராபர்ட்ஸ். மாற்றுக் கருத்துச் சொன்ன நால்வரின் கேள்வியையும் எளிதில் ஒதுக்க முடியாது. குழு மூலம் வாங்கினாலும், யார் கொடுத்தார் என்பது வேட்பாளருக்குத் தெரியத்தானே செய்யும்?

தெரியும்தான். ஆனாலும் விதி சரி என்பதே என் கருத்து. நாளை தம் முன்னே வாதாடப்போகும் வக்கீலிடம், இன்று ஒருவர் நேருக்கு நேர் பணம் கேட்டால் இல்லை என்று சொல்ல யாருக்குத் துணிவு வரும்? பணம் எவ்வளவு தூரம் போகும் என்பதை மேற்கு வர்ஜீனியா காட்டியது. அங்கே 5 கோடி டாலர் இழப்பீட்டு வழக்கில் தோற்ற நிலக்கரி நிறுவனத்தின் தலைவர், மேல்முறையீடு போவதற்கு முன் நடந்த 2004 நீதிபதி தேர்தலில் ஒரு வேட்பாளருக்கு ஆதரவாக ஏறத்தாழ 30 லட்சம் டாலர் செலவழித்தார். அந்த வேட்பாளர் வென்றார். பிறகு அந்த வழக்கை விசாரித்த அமர்விலும் அமர்ந்தார். நிறுவனம் ஜெயித்தது. அவர் விலகியிருக்க வேண்டும் என்று 2009-இல் உச்ச நீதிமன்றம் சொல்ல வேண்டியதாயிற்று.

அப்படியானால் நியமனம் மட்டும் போதுமா? அதிலும் வேண்டியவர், வேண்டாதவர் கணக்கு உண்டு. நியூயார்க் நகரத்தில் இரண்டு முறைகளும் பக்கத்துப் பக்கத்தில் நடக்கின்றன. சென்னையில் பிறந்த ராஜ ராஜேஸ்வரி 2015-இல் அங்கே குற்றவியல் நீதிமன்ற நீதிபதியானது மேயரின் நியமனத்தால். அதே நகரத்தின் சிவில் நீதிமன்ற நீதிபதிகளோ தேர்தலில் வருகிறார்கள்.

எந்த வழியில் வந்தாலும் நீதிபதிக்கு வேண்டியது சட்ட அறிவும், பொறுமையும், முகம் பார்க்காத மனமும்தான். வேட்பாளர் வாக்குறுதி தர முடியாத தேர்தலில் வாக்காளரின் பொறுப்பு கூடுகிறது. தீர்ப்பு எப்படித் தருவார் என்று அவரிடம் கேட்க முடியாது. எத்தனை ஆண்டு எந்த நீதிமன்றத்தில் வாதாடினார், எதிர்த்தரப்பை எப்படி நடத்தினார், அவருக்குப் பணம் கொடுத்தவர்கள் யார் என்று நாம்தான் விசாரித்துக்கொள்ள வேண்டும்.

அமெரிக்காவில் குடியுரிமை பெற்று வாழும் நம் வாசகர்களுக்கு ஒரு வேண்டுகோள். அடுத்த முறை வாக்குச்சீட்டு கைக்கு வரும்போது அதிபர், ஆளுநர் பெயர்களோடு நின்றுவிடாதீர்கள். கீழே வரும் நீதிபதி வேட்பாளர்களின் பெயர்களையும் முன்கூட்டியே விசாரித்து, சீட்டைக் கடைசி வரி வரை நிரப்புங்கள்.

அன்புடன்,
ஆசிரியர்