குளவி கட்டிய வீடு

மாயாபந்தரிலிருந்து ஒரு வாசகர் எழுதுகிறார். அப்பா விட்டுப்போன புல்லட், 1990களின் வண்டி. இரண்டு மழைக்காலம் தார்ப்பாய்க்குள் நின்றிருக்கிறது. இப்போது சோக்கை இழுத்தால் ஓடுகிறது, விட்டால் அணைந்துவிடுகிறது. 'போர் போயிடுச்சு, இன்ஜினைக் கழற்றி சென்னைக்கு அனுப்புங்க' என்கிறார் மெக்கானிக். அனுப்பட்டுமா?

வேண்டாம். போர் தேய்ந்த வண்டி நீலப் புகை விடும், ஆயில் குடிக்கும். சோக் போட்டால் குணமாகாது. சோக் என்பது தனிப் பாதை வழியே கூடுதல் பெட்ரோல் ஊட்டும் ஏற்பாடு. அந்த ஊட்டலில் மட்டும் உயிர் பிழைக்கிறது என்றால், வழக்கமான பாதையில் பெட்ரோல் வரவில்லை, அல்லது எங்கோ காற்று கூடுதலாகப் புகுகிறது.

அனுப்பும் செலவையும் யோசியுங்கள். மாயாபந்தரிலிருந்து போர்ட் பிளேர் (2024 முதல் ஸ்ரீ விஜயபுரம்) சுமார் 240 கிலோமீட்டர். அங்கிருந்து கப்பலில் சென்னைக்கு மூன்று நாள் போல. திருவொற்றியூரில் பிறந்த வண்டிதான் என்றாலும், கால் மில்லிமீட்டர் துளை ஒன்று அடைத்ததற்காகத் தாய்வீட்டுக்கு அனுப்புவது அதிகம்.

அந்தத் துளை இருப்பது கார்புரேட்டரின் பைலட் ஜெட்டில். வண்டி நின்ற இடத்தில் ஓடுவதற்கான பெட்ரோல் இதன் வழியாகத்தான் போகவேண்டும். நின்றுபோன பெட்ரோல் ஆவியாகி, கோந்து மாதிரி பிசினை விட்டுச் செல்கிறது. ஆண்டுக்குச் சுமார் 3,000 மில்லிமீட்டர் மழை பெய்யும் தீவில், டாங்க் மூடியின் ரப்பர் இற்றுவிட்டால் தண்ணீரும் சேரும். தண்ணீர் கனமானது. கார்புரேட்டர் கிண்ணத்தின் அடியில் தங்கி, உலோகத்தை அரித்து வெள்ளைப் பொடியாக்கும். மெயின்லேண்ட் வாசகர்களும் சிரிக்கவேண்டாம். உங்கள் பெட்ரோலில் கலந்திருக்கும் எத்தனால் காற்றின் ஈரத்தைத் தானே இழுத்துக்கொள்ளும்.

இன்ஜின் ஆறிய பிறகு, காற்றோட்டமான இடத்தில், பீடி சிகரெட் பிடிக்கும் நண்பர்களை அனுப்பிவிட்டு ஆரம்பியுங்கள். கிண்ணத்தைக் கழற்றியதும் கவிழ்த்துக் கொட்டிவிடாமல் முதலில் பாருங்கள். அடியில் கண்ணாடி மணிகள் போல உருண்டால் தண்ணீர். பழுப்பாக ஒட்டிக்கொண்டிருந்தால் பிசின். ஏர் ஸ்குரூவைக் கழற்றுமுன் மெதுவாக உள்பக்கம் முடியும்வரை திருகி, எத்தனை சுற்று என்று எழுதிவையுங்கள். எழுதாதவர்கள் பிறகு அரை நாள் காதை வைத்துக் கேட்டுக்கொண்டிருப்பார்கள்.

பைலட் ஜெட் பித்தளை. சரியாகப் பொருந்தும் ஸ்குரூ டிரைவரால் கழற்றி, தின்னரில் ஓரிரவு ஊறவிடுங்கள். ரப்பர் வளையங்களைத் தின்னரில் போடாதீர்கள், ஊதிப்போகும். இரும்புக் கம்பியால் குத்தவே கூடாது. பித்தளை மெத்தென்றிருக்கும், துளை பெரிதாகிவிடும். நான் ஒருமுறை ஸ்டீல் கம்பியால் 'சுத்தம்' செய்த வண்டி, அதற்கப்புறம் ஒவ்வொரு பெட்ரோல் பங்கிலும் நின்றது. மீன்பிடிக்கிற ஊரில் மெல்லிய தூண்டில் நரம்புக்கா பஞ்சம்? அது போதும். வானத்துக்கு நேராகப் பிடித்தால் துளை வட்டமாகத் தெரியவேண்டும்.

பலர் இத்தோடு மூடிவிடுகிறார்கள். 'ஜெட் புதுசே போட்டேன் சார், அப்படியேதான் இருக்கு' என்று வரும் கடிதங்களெல்லாம் இவர்களுடையவை. அடைப்பு ஜெட்டோடு நிற்பதில்லை. கார்புரேட்டர் உடலுக்குள்ளேயும் பாதைகள் ஓடுகின்றன. ஏர் ஃபில்டர் பக்க வாயில் ஒரு சிறு துளை, இன்ஜின் பக்கம் தரையில் ஊசிமுனை அளவில் இரண்டு. தின்னர் விட்டு சைக்கிள் பம்பால் ஊதுங்கள். கண்ணில் தெறிக்காமல் முகத்தை விலக்கிக்கொள்ளுங்கள். மறுபக்கம் எல்லாத் துளையிலும் பீச்சும்வரை விடாதீர்கள். நான்கைந்து தடவை ஊறப்போட வேண்டியிருக்கலாம். திரும்ப மாட்டும்போது போல்ட்டுகளை முரட்டுத்தனமாக முடுக்கினால் கார்புரேட்டரின் முகம் வளைந்து, இடுக்கில் காற்று புகும். மறுபடி அதே நோய்.

2020 ஏப்ரலில் பி.எஸ்.6 விதிகள் வந்தபின் பெரும்பாலான புதிய பைக்குகளில் கார்புரேட்டர் இல்லாமல் போய்விட்டது. அதைத் திறந்து பார்த்த கைகளும் குறைந்துகொண்டு வருகின்றன. தெரியாததையெல்லாம் 'போர் போச்சு' என்று முடித்துவிடும் வழக்கத்துக்கு இதுவும் ஒரு காரணம் என்று நினைக்கிறேன்.

இதையெல்லாம் எழுதி அனுப்பினேன். மூன்று வாரத்தில் இரண்டாவது கடிதம். சோக் இல்லாமலே நின்று ஓடுகிறதாம். ஆனால் வெபி பக்கம் (1925இல் பர்மாவிலிருந்து வந்த கரேன் மக்கள் குடியேறிய ஊர்) ஐந்தாறு கிலோமீட்டர் போனதும் நின்றுவிடுகிறது. கொஞ்ச நேரம் கழித்துத் தானாகக் கிளம்புகிறது.

'நின்றதும் டாங்க் மூடியைத் திறந்து பாருங்கள், உஸ்ஸென்று காற்று உள்ளே போகிறதா?' என்று பதில் போட்டேன். போனதாம். பெட்ரோல் இறங்க இறங்க அந்த இடத்துக்குக் காற்று வர மூடியில் ஒரு துளை உண்டு. அதைக் குளவி மண்ணால் பூசி வைத்திருந்திருக்கிறது. அதைத் தட்டி எடுத்த அன்றே, அம்மாவைப் பின்னால் உட்காரவைத்து ரங்கத் வரை போய் வந்ததாக எழுதியிருக்கிறார்.